4294967295 என்ற எண்ணின் காரணிகள்: இது தற்செயலா?

#1 அடுக்குக்குறி

வணக்கம் நண்பர்களே. நிரல் எழுதுகிறவர்களுக்கு 4294967295 நன்றாகப் பழகிய எண். 32 பிட்டில், குறி இல்லாமல், எழுதக்கூடிய முழு எண்களில் இதுதான் மிகப் பெரியது. நம் கணக்கில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295. இத்தனை வருடமாக இதை ஓர் எல்லைக்கல்லாக மட்டுமே பார்த்து வந்திருக்கிறேன். இதற்கு மேல் ஒன்று கூட்டினால் எண்ணி மறுபடி சுழியிலிருந்து தொடங்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று ராத்திரி வேறொரு கணக்குக்காக இதைக் காரணிகளாகப் பிரித்தேன்:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றிலும் 1 குறைத்துப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536. எல்லாமே இரண்டின் அடுக்குகள். அவற்றின் அடுக்குக்குறிகள் என்னென்ன என்றால் 1, 2, 4, 8, 16, அவையும் இரண்டின் அடுக்குகளே. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது தற்செயலா? இதே மாதிரி மேலே போய்க்கொண்டே இருக்குமா? இந்த எண்ணுக்கு வேறு என்ன குணங்கள் உண்டு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இருமநிரல்

2³²−1 பகா எண் என்றல்லவா படித்த ஞாபகம்? மெர்சென் பகா எண்களில் ஒன்று என்று எங்கோ பார்த்தேன்.

#3 மீதிக்கணக்கு

இருமநிரல், நீங்கள் நினைப்பது பக்கத்து வீட்டு எண். 2³¹−1 = 2147483647 தான் பகா எண். அதை ஆய்லர் 1772-இல் உறுதி செய்தார். 2-இன் அடுக்கிலிருந்து 1 கழித்துப் பகா எண் வர வேண்டுமென்றால், அதன் அடுக்குக்குறியே பகா எண்ணாக இருந்தாக வேண்டும். 31 பகா எண், 32 இல்லை. அதனால் 2³²−1 உடைந்தே தீரும்.

எப்படி உடைகிறது என்பதில்தான் அடுக்குக்குறியின் முதல் கேள்விக்கு விடை இருக்கிறது. பள்ளியில் படித்த அ²−ஆ² = (அ+ஆ)(அ−ஆ) போதும்.

2³²−1 = (2¹⁶+1)(2¹⁶−1)
2¹⁶−1 = (2⁸+1)(2⁸−1)
2⁸−1 = (2⁴+1)(2⁴−1)
2⁴−1 = (2²+1)(2²−1)
2²−1 = (2+1)(2−1)

வலது ஓரத்தில் மிஞ்சுவது வெறும் 1. இடது பக்கத்தில் சேர்ந்தவை 65537, 257, 17, 5, 3. அடுக்கு 32 என்பதால் ஐந்து முறை பாதியாக்க முடிந்தது, ஐந்து காரணிகள் கிடைத்தன. ஆக, இந்த வடிவத்தில் காரணிகள் வருவது தற்செயல் இல்லை.

ஆனால் அந்த ஐந்துமே பகா எண்ணாக இருப்பதற்கு இந்தக் கணக்கு எந்தக் காரணமும் சொல்லவில்லை. ஆச்சரியம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

#4 கவராயன்

மீதிக்கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். 3, 5, 17, 257, 65537 ஆகியவைதான் ஃபெர்மா எண்களில் முதல் ஐந்து. சுருக்கமாக ஃபெ(0), ஃபெ(1), ஃபெ(2), ஃபெ(3), ஃபெ(4) என்று எழுதுகிறேன். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக, 1 கழித்து, வர்க்கம் எடுத்து, 1 கூட்ட வேண்டும். 17-இலிருந்து 16, அதன் வர்க்கம் 256, கூட்டினால் 257.

ஃபெர்மா 1640 வாக்கில் எழுதிய கடிதங்களில் இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள் என்ற தன் நம்பிக்கையைச் சொல்லியிருக்கிறார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் ஐந்தும் அவர் சொன்னபடியே இருக்கின்றன.

ஆறாவதுதான் ஃபெ(5) = 2³²+1 = 4294967297. அடுக்குக்குறி கேட்ட எண்ணுக்கு இரண்டு இடம் தள்ளி நிற்கிறது. 1732-இல் ஆய்லர் அதை உடைத்துக் காட்டினார்:

4294967297 = 641 × 6700417

அதற்குப் பிறகு ஃபெ(32) வரைக்கும் ஒவ்வொன்றும் பகு எண் என்று தெரிந்துவிட்டது. ஆறாவது ஃபெர்மா பகா எண் இன்றுவரை ஒருவர் கையிலும் சிக்கவில்லை. ஆகவே 4294967295 என்பது நமக்குத் தெரிந்த எல்லா ஃபெர்மா பகா எண்களின் பெருக்கல். ஒன்றும் விடுபடவில்லை, வேறொன்றும் கலக்கவில்லை. நிரலாளர்களுக்கு எல்லைக்கல், எண் கணிதக்காரர்களுக்கும் எல்லைக்கல்.

#5 நிலாவாசகி

கணிதம் படித்தவள் இல்லை, ஆர்வத்தில் படிக்கிறேன். 641 எப்படிக் கிடைத்தது? நானூறு கோடிக்கு மேற்பட்ட எண்ணைக் கையால் ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தாரா?

#6 மீதிக்கணக்கு

இல்லை நிலாவாசகி. ஃபெ(5)-க்கு ஏதாவது பகாக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும் என்பது ஆய்லரின் வழி. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது முயற்சியிலேயே அகப்பட்டுவிடும்! பிற்பாடு 1878-இல் லூகாஸ் 64 இல்லை, 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகம் என்று இறுக்கினார். அப்போது மிஞ்சுவது 257, 641. 257 ஏற்கெனவே ஒரு ஃபெர்மா எண், அது இன்னொரு ஃபெர்மா எண்ணை வகுக்காது (ஏன் என்று கவராயன் சொல்லட்டும்). அப்படியானால் முதலில் வகுத்துப் பார்க்க வேண்டியதே 641-தான்.

641 வகுக்கும் என்பதை வகுக்காமலேயே பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த நாலு வரி இது, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

641 = 5 × 2⁷ + 1. அதனால் 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷ விடும் மீதி −1.
நாலாம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ விடும் மீதி 1.
641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. அதனால் 5⁴-க்குப் பதில் −2⁴ என்று போடலாம்.
போட்டால் −2³² விடும் மீதி 1. ஆகவே 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

641-ஐ இரண்டு விதமாக எழுத முடிந்தது என்பதுதான் இதன் உயிர்.

#7 கவராயன்

257 விஷயம். அடுக்குக்குறி கண்ட சமன்பாட்டையே கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் போதும். 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. இது ஃபெ(5)-ஐவிட இரண்டு குறைவு. எல்லா இடத்திலும் இப்படித்தான்: 3 × 5 = 15 = 17 − 2. 3 × 5 × 17 = 255 = 257 − 2. ஒரு ஃபெர்மா எண்ணில் இரண்டைக் கழித்தால் அதற்கு முந்தைய எல்லாவற்றின் பெருக்கல் வந்துவிடும்.

இப்போது 257 ஃபெ(5)-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஃபெ(5) − 2-ஐயும் வகுக்கிறது, ஏனென்றால் அதற்குள் 257 காரணியாகவே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் வகுத்தால் வித்தியாசமான 2-ஐயும் வகுக்க வேண்டும். முடியாது. எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் இது பொருந்தும், எனவே அவை ஒன்றுக்கொன்று சார்பகா எண்கள், அதாவது 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாதவை.

இதை கோல்ட்பாக் 1730-இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். இதிலிருந்து பகா எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பதும் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபெர்மா எண்கள் முடிவில்லாதவை. ஒவ்வொன்றும் தனக்கென்று, மற்றவற்றில் இல்லாத ஒரு பகாக் காரணியையாவது வைத்திருக்கிறது. அவ்வளவுதான், நிரூபணம் முடிந்தது.

#8 தசமன்

நானும் கொஞ்சம் பார்த்தேன். இலக்கங்களைக் கூட்டினால் 57, அது 3 × 19. எண்ணில் 9 மூன்று முறை வருகிறது, 4-உம் 2-உம் இரண்டிரண்டு முறை. 1, 3, 8, 0 நான்கும் இல்லை. இதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

#9 மீதிக்கணக்கு

57 மூன்றால் வகுபடுகிறது, ஒன்பதால் வகுபடவில்லை என்பதற்கு அர்த்தம் உண்டு. எண்ணும் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது என்பதற்கு அதுவே சான்று. மற்றவை நாம் பத்து பத்தாக எண்ணும் பழக்கத்தின் விளைவு. ஏழு ஏழாக எண்ணியிருந்தால் இலக்கங்கள் எல்லாமே மாறியிருக்கும், காரணிகள் மாறியிருக்காது. எழுதும் முறை மாறினாலும் மாறாததையே எண்ணின் குணம் என்று சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

#10 இருமநிரல்

அந்தக் கருத்தோடு எனக்குக் கொஞ்சம் சண்டை இருக்கிறது. இரண்டு இரண்டாக எழுதினால் இந்த எண் 32 ஒன்றுகள். அதுவும் எழுதும் முறைதானே? ஆனால் அங்கே காரணிகள் கண்ணுக்கு எதிரே தெரிகின்றன. காட்டுகிறேன்.

3-ஆல் வகுத்தால் 1431655765. இருமத்தில் 01 01 01 01 என்று பதினாறு முறை.
5-ஆல் வகுத்தால் 858993459. 0011 0011 என்று எட்டு முறை.
17-ஆல் வகுத்தால் 252645135. 00001111 நான்கு முறை.
257-ஆல் வகுத்தால் 16711935. எட்டுச் சுழி, எட்டு ஒன்று, மறுபடி எட்டுச் சுழி, எட்டு ஒன்று.
65537-ஆல் வகுத்தால் 65535. பதினாறு சுழி, பதினாறு ஒன்று.

32 பிட் எண்ணில் எத்தனை ஒன்றுகள் இருக்கின்றன என்று விரைவாக எண்ணும் பழைய உத்தி ஒன்று உண்டு. முதலில் பக்கத்து பிட்டுகளை இரண்டிரண்டாகக் கூட்டுவோம், அப்புறம் இரண்டு பிட் கட்டுகளை, பிறகு நாலு, எட்டு, பதினாறு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றுவிட்ட கட்டுகளை மறைக்க ஒரு மாறிலி வேண்டும். அந்த ஐந்து மாறிலிகள் மேலே இருக்கிற இந்த ஐந்து எண்களேதான்! எத்தனையோ தடவை தட்டச்சு செய்திருக்கிறேன். 4294967295-ஐ ஃபெர்மா பகா எண்களால் வகுத்து வந்த ஈவுகள் அவை என்று இந்த இழையைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

#11 மீதிக்கணக்கு

இது எனக்குப் புதிது, மிக்க நன்றி. சண்டையில் பாதி உங்கள் பக்கம் விட்டுக்கொடுக்கிறேன். இருமம் இங்கே காரணம் இல்லை, ஆனால் வெளிச்சம். எண்ணே இரண்டின் அடுக்கிலிருந்து பிறந்தது என்பதால் இரண்டு இரண்டாக எழுதும்போது அதன் உள்கட்டு தெரிகிறது. பத்துக்கும் இந்த எண்ணுக்கும் அப்படி ஓர் உறவு இல்லை. என் பழைய வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்: எந்த முறையில் எழுதினால் உள்கட்டு தெரியும் என்பதும் எண்ணைப் பற்றிய செய்திதான்.

#12 அடுக்குக்குறி

ஒரே நாளில் இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கவராயன், உங்கள் பெயரைப் பார்த்தவுடன் கேட்கத் தோன்றியது. ஃபெர்மா பகா எண்களுக்கும் வடிவியலுக்கும் தொடர்பு உண்டு என்று படித்திருக்கிறேன். அது இந்த எண்ணைத் தொடுகிறதா?

#13 கவராயன்

தொடுகிறது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அளவு குறிக்காத ஒரு நேர்விளிம்பும் கவராயமும் மட்டும் வைத்துக்கொண்டு எந்தெந்த ஒழுங்கு பலகோணங்களை வரையலாம் என்பது பழைய கேள்வி. 3 பக்கம், 5 பக்கம், 15 பக்கம், இவற்றின் பக்கங்களை இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கி வருபவை, எல்லாம் யூக்ளிட் காலத்திலேயே தெரியும். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1796 மார்ச் 30-ஆம் தேதி, பத்தொன்பது வயது நிரம்ப இன்னும் ஒரு மாதம் இருந்த காஸ், 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். அவருடைய கணிதக் குறிப்பேட்டின் முதல் பதிவே இதுதான்.

ஏன் 17? கவராயமும் நேர்விளிம்பும் சேர்ந்தால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு வர்க்கமூலம் எடுக்கலாம். கனமூலம் முடியாது. ஒவ்வொரு வர்க்கமூலமும் சிக்கலை இரண்டால் பெருக்குகிறது. எனவே பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், அதில் 1 குறைத்தது இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். 17 − 1 = 16, சரி. 7 − 1 = 6, உள்ளே 3 இருக்கிறது, அதனால் எழுகோணம் முடியாது. இரண்டின் அடுக்கோடு ஒன்று சேர்ந்த பகா எண் என்றால் அது ஃபெர்மா எண்ணாகத்தான் இருக்கும். ஏனென்றால் அடுக்கில் ஒற்றைக் காரணி இருந்தால் எண் உடைந்துவிடும்: 2⁶+1 = 65, அதை 2²+1 = 5 வகுக்கிறது.

காஸ் 1801-இல் வெளியிட்ட எண் கணித நூலில் முழு விதியும் இருக்கிறது: பக்க எண்ணிக்கை என்பது இரண்டின் ஏதோ ஓர் அடுக்கு, அதோடு வெவ்வேறு ஃபெர்மா பகா எண்கள் சில பெருக்கப்பட்டது. இப்படி இருந்தால் வரையலாம். இப்படி இல்லாவிட்டால் முடியாது என்ற மறுபக்கத்தை 1837-இல் வான்செல் நிரூபித்து வெளியிட்டார்.

ஐந்து பகா எண்களில் ஒன்றையோ பலவற்றையோ தேர்ந்து பெருக்க 2⁵ − 1 = 31 வழிகள். அதனால் ஒற்றை எண்ணிக்கைப் பக்கங்களோடு வரையக்கூடியதாக நமக்குத் தெரிந்த பலகோணங்கள் 31. மிகச் சிறியது முக்கோணம். மிகப் பெரியது, ஐந்தையும் பெருக்கி வருவது: 4294967295 பக்கம்.

#14 நிலாவாசகி

இரண்டு சந்தேகம். எந்தப் பலகோணத்தையும் பக்கங்களை இரட்டிப்பாக்கி இன்னும் பெரிதாக்கலாமே, அப்புறம் எப்படி இது மிகப் பெரியது? இன்னொன்று, 9 = 3 × 3, 3 ஃபெர்மா பகா எண்தான், அப்படியானால் ஒன்பது பக்கம் வரையலாம் அல்லவா?

#15 கவராயன்

நல்ல சந்தேகங்கள். முதலாவதற்கு: இரட்டிப்பாக்கினால் பக்க எண்ணிக்கை இரட்டை எண் ஆகிவிடும். அந்த வழியில் எல்லையே இல்லை என்பது சரி. அதனால்தான் "ஒற்றை" என்று அழுத்திச் சொன்னேன். இரட்டிப்பில் புதிதாக ஒன்றும் இல்லை, கோணத்தை இரு சமக்கூறிடுவது மட்டுமே. புதிய பலம் எல்லாம் ஒற்றைப் பகுதியில்தான் இருக்கிறது.

இரண்டாவது: ஒவ்வொரு பகா எண்ணையும் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். ஐங்கோணமும் முக்கோணமும் சேர்ந்து பதினைங்கோணம் தருவது எதனால் என்றால், 2/5 − 1/3 = 1/15. வட்டத்தின் ஐந்தில் இரண்டு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் பதினைந்தில் ஒரு பங்கு கையில் கிடைக்கிறது. 3-உம் 5-உம் சார்பகா எண்கள் என்பதால் இது நடக்கிறது. மூன்றில் ஒரு பங்குகளை எத்தனை கூட்டிக் கழித்தாலும் ஒன்பதில் ஒரு பங்கு வராது. 120 பாகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் கனச் சமன்பாடு தேவைப்படுகிறது. ஆகவே ஒன்பது பக்கம் முடியாது. கோல்ட்பாக் சொன்ன சார்பகாத் தன்மைதான் இங்கே ஐந்து பலகோணங்களையும் ஒன்றாகக் கோக்க விடுகிறது.

#16 இருமநிரல்

இவ்வளவு பக்கம் உள்ள பலகோணம் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பூமியின் நிலநடுக்கோடு சுமார் 40,075 கிலோமீட்டர். அந்த வட்டத்துக்குள் இந்தப் பலகோணத்தை வரைந்தால் ஒரு பக்கத்தின் நீளம் சுமார் 9.3 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலத்துக்கும் குறைவு. பக்கத்தின் நடுப்புள்ளிக்கும் வட்டத்துக்கும் இடைவெளி ஓர் அணுவின் குறுக்களவைவிடப் பல மடங்கு சிறியது. அதை யாரும் வரையப் போவதில்லை. ஆனாலும் அது வரையத்தக்கது, எழுகோணம் வரையத்தக்கதல்ல. இதை நினைத்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

#17 தசமன்

உண்மையில் எவ்வளவு தூரம் வரைந்திருக்கிறார்கள்?

#18 கவராயன்

257 பக்கத்துக்கு பாக்கர் 1822-இலும் ரிஷெலோ 1832-இலும் வழி எழுதினார்கள். 65537 பக்கத்துக்கு ஹெர்மெஸ் பத்து வருடத்துக்கு மேல் உழைத்து 1894-இல் தன் வேலையை அறிவித்தார். அந்தக் கையெழுத்துப் படி ஒரு பெட்டி நிறைய கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இவை மூன்றும் (17, 257, 65537) கையில் இருந்தால் 4294967295-க்குத் தனி வேலை கிடையாது. பின்னங்களைக் கூட்டிக் கழித்தால் போதும்.

#19 மீதிக்கணக்கு

கவராயன் சொன்ன 31 பலகோணங்களை ஒரே படத்தில் பார்க்கலாம். பாஸ்கல் முக்கோணத்தை எழுதுங்கள். ஒற்றை எண் வரும் இடத்தில் 1, இரட்டை எண் வரும் இடத்தில் 0 போடுங்கள். ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாகப் படியுங்கள்.

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
1 1 1 1 1 1 1 1

படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. உச்சியில் இருக்கும் 1-ஐ விட்டுவிட்டால் இவை எல்லாம் அந்தப் பலகோணங்களின் பக்க எண்ணிக்கைகள், ஏறுவரிசையில், ஒன்று விடாமல்! அடுத்து 257, 771, 1285, 3855 என்று போகும். உச்சியைச் சுழியாவது வரியாகக் கணக்கில் வைத்தால் 31-ஆவது வரியில் 32 எண்கள், எல்லாமே ஒற்றை (1, 31, 465, 4495 ...). அதைப் படித்தால் 32 ஒன்றுகள், நம் 4294967295.

காரணம் இதுதான். ஒற்றை, இரட்டை மட்டும் பார்க்கும்போது (1+க)-வின் வர்க்கம் 1+க² ஆகிவிடுகிறது, நடுவில் வரும் 2க இரட்டை என்பதால் மறைந்துவிடும். அதன் வர்க்கம் 1+க⁴, அப்புறம் 1+க⁸. க-வுக்கு 2 போட்டால் 3, 5, 17, 257: ஃபெர்மா எண்கள். ஆறாவது வரி வேண்டுமென்றால் 6 = 4 + 2, ஆகவே (1+க⁴)(1+க²), அதாவது 17 × 5 = 85. வரியின் எண்ணை இருமத்தில் எழுதினால் எந்த ஃபெர்மா எண்களைப் பெருக்க வேண்டும் என்று அது சொல்லிவிடும். 31 என்றால் ஐந்து ஒன்றுகள், ஐந்தையும் பெருக்க வேண்டும்.

32-ஆவது வரியில் ஒன்று, 31 சுழிகள், ஒன்று. அது 4294967297. முக்கோணம் தன் போக்கில் அழகாகத் தொடர்கிறது, பலகோணங்கள் அங்கே நின்றுவிடுகின்றன. குற்றவாளி 641.

#20 அடுக்குக்குறி

இந்த முக்கோணத்தைத் தாளில் 16 வரி வரைக்கும் எழுதிப் பார்த்தேன். 65535 வந்தபோது கை நடுங்கியது என்றே சொல்லலாம்.

இன்னொரு கேள்வி. ஆறாவது ஃபெர்மா பகா எண் ஒன்று நாளைக்கு அகப்பட்டால், மிகப் பெரிய ஒற்றைப் பலகோணம் என்ற பட்டத்தை இந்த எண் இழந்துவிடும், இல்லையா? அதற்கு வாய்ப்பு உண்டா?

#21 மீதிக்கணக்கு

இழந்துவிடும். நிலை தெரியாத முதல் எண் ஃபெ(33). அதில் சுமார் 258 கோடி இலக்கங்கள். பகாவா பகுவா என்று சொல்ல 1877-இல் பெபின் தந்த சோதனை இருக்கிறது, ஆனால் அதற்கு அத்தனை பெரிய எண்ணை எண்ணூறு கோடி தடவைக்கு மேல் வர்க்கமாக்க வேண்டும். காரணி ஏதாவது தற்செயலாகக் கிடைத்தால்தான் சீக்கிரம் முடியும். ஃபெ(20), ஃபெ(24) இரண்டும் பகு எண்கள் என்று தெரியும், ஆனால் இன்றுவரை அவற்றின் ஒரு காரணிகூடத் தெரியாது. இப்படியும் ஓர் அறிவு இருக்க முடிகிறது என்பது எனக்கு எப்போதுமே வியப்பு.

புதிதாக ஒன்றும் இருக்காது என்றுதான் பெரும்பாலான எண் கணிதக்காரர்கள் கருதுகிறார்கள். எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அரிதாகின்றன, ஃபெர்மா எண்களோ பயங்கர வேகத்தில் வளர்கின்றன. ஆனால் இது நிரூபணம் இல்லை.

#22 நிலாவாசகி

6700417-உம் பகா எண்தானா என்று நானே பார்த்தேன்! மீதிக்கணக்கு சொன்ன விதிப்படி அதன் காரணியும் 128-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை உள்ள அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டும். 257 ஆகாது. 641-ஆல் வகுத்தால் மீதி 44. 769-க்கு 120. 1153-க்கு 334. 1409-க்கு 622. முடிந்தது, அது பகா எண். நாலே நாலு வகுத்தல். ஏழு இலக்க எண்ணைப் பற்றி நானாகக் கையால் ஒன்றை நிரூபித்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

#23 மீதிக்கணக்கு

அருமை நிலாவாசகி. நாலு மீதியும் சரி, நானும் போட்டுப் பார்த்தேன்.

அடுக்குக்குறி முதலில் கேட்ட "வேறு என்ன குணங்கள்" என்பதற்கு இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஓர் எண்ணோடு பொதுக் காரணி இல்லாத, அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை என்று எண்ணும் ஆய்லர் சார்பு. பகா எண்ணுக்கு அது ஒன்று குறைவு. வெவ்வேறு பகா எண்களின் பெருக்கலுக்கு அவற்றைப் பெருக்கினால் போதும். நம் எண்ணுக்கு:

2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹ = 2147483648

இப்போது அடுத்த எண்ணைப் பாருங்கள், 4294967296 = 2³². அதோடு பொதுக் காரணி இல்லாதவை எல்லா ஒற்றை எண்களும், சரியாகப் பாதி, 2³¹. இரண்டு எண்களுக்கும் ஒரே விடை. ஒன்று ஐந்து பகா எண்களால் ஆனது, மற்றது 2 மட்டுமே. பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே எண்ணிக்கையைக் காட்டுகின்றன. 3-உம் 4-உம், 15-உம் 16-உம், 255-உம் 256-உம், 65535-உம் 65536-உம் இப்படித்தான். இந்த வரிசையில் ஐந்தாவது ஜோடி நம்முடையது.

#24 இருமநிரல்

அடுத்தது 2⁶⁴−1, 64 பிட்டின் எல்லை. அங்கேயும் இது தொடருமா?

#25 அடுக்குக்குறி

இதை நான் போட்டுவிட்டேன், பொறுங்கள். 18446744073709551615 = 4294967295 × 641 × 6700417. ஆய்லர் சார்பு 2³¹ × 640 × 6700416. கடைசி இரண்டின் பெருக்கல் 4288266240. தொடர்ந்திருக்க வேண்டுமானால் அது 4294967296 ஆக இருந்திருக்க வேண்டும். குறைவு 6701056. அது 641-ஐயும் 6700417-ஐயும் கூட்டி 2 கழித்ததுதான்.